வரைகிற பிள்ளையை என்ன செய்வது? பாம்பன் பக்கத்திலிருந்து ஓர் ஓவிய டீச்சர் சொல்லும் வழி

பிளஸ் டூ செய்முறைத் தேர்வு நெருங்கினால் எங்கள் பக்கத்தில் ஒரு காட்சி தவறாமல் நடக்கும். நன்றாகப் படம் வரைகிற பையன் ஒருவன் இருப்பான். வகுப்பில் பாதிப் பேருடைய ரெக்கார்டு நோட்டு அவன் வீட்டுத் திண்ணையில் அடுக்கிக் கிடக்கும். இதயத்தின் நீள்வெட்டு, தண்டின் குறுக்குவெட்டு, தவளை, எல்லாம் அவன் கையால் வரும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒருவன் பன்னிரண்டு நோட்டுகளுக்கு வரைந்து கொடுத்தான். அவன் படித்தது மூன்றாவது குரூப். விலங்கியல் அவனுக்குப் பாடமே இல்லை. பார்த்து வரைந்ததிலேயே இதயத்தில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று நோட்டுக்குச் சொந்தக்காரர்களை விட அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ரெக்கார்டு மதிப்பெண் அவர்களுக்குப் போனது. அவனைப் பற்றி ஊரில் சொன்னது, "அவன் ஆர்ட்ஸ் குரூப்புதானே, அதுக்கு மேல என்ன இருக்கு" என்று.

அந்தப் பையனுடைய அம்மா என்னிடம் வந்து கேட்ட கேள்விக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். "இவனை என்ன செய்றது டீச்சர்?"

நான் பாசிக்கு, அதாவது கடல்பாசி எடுக்க, போகிற அம்மாவின் மகள். கும்பகோணத்தில் கவின் கலை படித்தேன். 2012-இல் அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள் அல்லவா, அதில் ஓவியத்துக்குச் சேர்ந்தவள். வாரத்தில் மூன்று அரை நாள், அப்போது மாதம் 5,000 ரூபாய். இத்தனை வருஷத்தில் ஒரு பள்ளியில் நான் பார்த்தது: பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது ஓவிய பீரியட். கணக்கு சார் வந்து வாசலில் நிற்பார், நான் சாக்பீஸை எடுத்துக்கொண்டு வெளியே வருவேன். பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். எந்தப் பாடத்துக்கு மதிப்பு, எதற்கு இல்லை என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

நீட் எழுத ஆசைப்படும் பிள்ளைக்கு ஒரு வீடு என்னவெல்லாம் செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கோச்சிங்குக்கு ராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ அனுப்புகிறோம். நகையை அடகு வைக்கிறோம். முதல் தடவை கிடைக்கவில்லை என்றால் இன்னொரு வருஷம் வீட்டில் வைத்துப் படிக்க வைக்கிறோம். டிவியை நிறுத்துகிறோம். அதில் கால்வாசி, ஒரு பங்குதான், வரைகிற பிள்ளைக்குச் செய்தால் போதும். எப்படிச் செய்வது என்பதற்குத்தான் இந்தக் குறிப்பு.

முதலில், உண்மையிலேயே வரைகிற பிள்ளையா என்று பாருங்கள்

போனில் இருக்கும் நடிகர் படத்தைக் கட்டம் போட்டு அப்படியே நகல் எடுப்பது கைப்பழக்கம். தப்பில்லை, ஆனால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். எதிரே இருக்கிற பொருளை நின்று பார்க்கிறதா என்று கவனியுங்கள்.

ஏழாம் வகுப்பில் ஒரு பெண். "உங்க வீட்டுல இருக்கிற ஒரு கையை வரைஞ்சிட்டு வாங்க" என்று சொல்லியிருந்தேன். முக்கால்வாசிப் பிள்ளைகள் தங்கள் இடது கையை நோட்டில் வைத்து பென்சிலால் சுற்றிக் கோடு இழுத்து வந்திருந்தார்கள். அவள் தன் அம்மாவின் கையை வரைந்திருந்தாள். பாசிக்குப் போகும் பெண்கள் பாறை கிழிக்காமல் இருக்க விரலில் துணி சுற்றிக்கொள்வார்கள். அந்தத் துணிச் சுற்று ஒவ்வொன்றும் படத்தில் இருந்தது. நடுவிரலில் மூன்று சுற்று, ஆள்காட்டி விரலில் நாலு. முடிச்சு உள்ளங்கைப் பக்கம் இல்லாமல் புறங்கைப் பக்கம் இருந்தது. உள்ளே இருந்தால் பாசியைப் பிடுங்கும்போது உறுத்தும். என் அம்மாவும் அப்படித்தான் போடுவார். முப்பது வருஷம் பார்த்த எனக்கு அந்த முடிச்சை வரையத் தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றியிருக்கிறது. விரல்களின் அளவு சரியில்லை, கட்டைவிரல் எங்கேயோ ஒட்டியிருந்தது. அதைச் சொல்லிக்கொடுத்துவிடலாம். அந்த முடிச்சைப் பார்க்கிற கண்ணைச் சொல்லிக்கொடுப்பது கஷ்டம்.

உங்கள் பிள்ளை ஒரு நண்டை வரைந்தால் கால்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். கடிக்கும் கால் இரண்டையும் சேர்த்துப் பத்து இருந்தால் பிள்ளை பார்த்து வரைந்திருக்கிறது.

பொருள்கள்

இதற்குப் பெரிய செலவு இல்லை. எச்.பி., 2பி, 4பி, 6பி பென்சில்கள், ஒரு பரீட்சை அட்டை, வெள்ளைத் தாள். ஆரம்பத்தில் கலர் வாங்கித் தர வேண்டாம். கலர் வந்ததும் பிள்ளைகள் கோடு போடுவதை விட்டுவிடுவார்கள்.

கரிக்குச்சி கடையில் வாங்க வேண்டியதில்லை. பழைய ஓவியர்கள் புளியங்குச்சியைச் சுட்டுத்தான் வரைந்தார்கள். பென்சில் தடிமனில் புளியங்குச்சிகளை ஒடித்து, பட்டையை உரித்து, நிழலில் காய வைத்து, பால் பவுடர் டப்பாவுக்குள் நெருக்கமாக அடுக்குங்கள். மூடியில் ஆணியால் ஒரு சின்ன ஓட்டை. டப்பாவை விறகடுப்புத் தணலுக்குள் வையுங்கள். ஓட்டை வழியாகப் புகை வரும். புகை நின்றதும் வெளியே எடுத்துவிடலாம். ஆனால் உடனே திறக்காதீர்கள். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு எல்லாம் சாம்பலாகிவிடும். ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் திறப்பதுதான் நல்லது. எங்கள் மாவட்டம் முழுக்கக் கிடக்கிற கருவேல மரத்திலும் செய்து பார்த்திருக்கிறேன். கரி கெட்டியாக வருகிறது, தாளைக் கீறுகிறது. புளிதான் சரி.

எங்கள் பக்கம் தனியாகச் சொல்ல வேண்டியது உப்புக்காற்று. கடலோர வீட்டில் தாள் இரண்டு வாரத்தில் பதத்துப் போகும், கரி இழுத்தால் திட்டுத்திட்டாக நிற்கும். தாள்களைப் பாலிதீன் பையில் போட்டு, வாயை மடித்து, பீரோவிலோ டிரங்குப் பெட்டியிலோ படுக்கை வாட்டில் வையுங்கள். சுருட்டி வைக்காதீர்கள். வரைந்து முடித்த படங்களையும் அப்படியே. பிள்ளை கல்லூரிக்குப் போகும்போது கையில் கொண்டு போக வேண்டியது அந்தப் படங்கள்தான். பின்னால் தேதி எழுதச் சொல்லுங்கள். ஒன்றையும் கிழித்துப் போட விடாதீர்கள், அசிங்கமாக வந்ததையும்தான்.

ஒரு வருஷப் பயிற்சி

பிளஸ் ஒன் முடிந்த விடுமுறையில் ஆரம்பித்தால் நேரம் இருக்கிறது. தினமும் ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரத்தில் தண்ணீர் எடுத்து வா, கடைக்குப் போ என்று கூப்பிடாமல் இருப்பதுதான் வீட்டின் வேலை. டியூஷனில் இருக்கிற பிள்ளையை நடுவில் கூப்பிட மாட்டோம் இல்லையா, அது மாதிரி.

முதல் மூன்று மாதம் அசையாத பொருள்கள். நங்கூரம், ஓலைக் கொட்டான், கவிழ்த்து வைத்த குடம், மடித்துப் போட்ட வலை. வலை வரைவது எல்லோருக்கும் மலைப்பாக இருக்கும். கயிற்றை வரையாதே, கயிறுகளுக்கு நடுவில் இருக்கிற வெற்றிடத்தை, அந்த வலைக்கண்ணை வரை என்று சொல்லுங்கள். அந்த ஓட்டைகளின் உருவம் சரியாக வந்தால் கயிறு தானாக வந்துவிடும். இதை நான் ஒரு வலை பின்னும் தாத்தாவிடம் சொன்னபோது, "நாங்களும் கண்ணை அளந்துதான ஆத்தா பின்றோம்" என்றார்.

அப்புறம் அசைகிற மனிதர்கள். அதற்கு மீன் ஏலம் விடும் இடத்தை மிஞ்சிய வகுப்பறை கிடையாது. குனிகிறவர், கூடை தூக்குகிறவர், காசை எண்ணுகிறவர். ஒருவர் ஒரே நிலையில் அரை நிமிஷம்தான் நிற்பார். அதற்குள் முதுகின் வளைவு, பாரம் எந்தக் காலில் நிற்கிறது, அவ்வளவுதான் பிடிக்க வேண்டும். முகம் வேண்டாம், சட்டைப் பொத்தான் வேண்டாம். காலை அரை மணி நேரத்தில் இருபது உருவம். பெண் பிள்ளையைக் கூட்டத்துக்குள் அனுப்பத் தயக்கமாக இருந்தால் அம்மாவோ அத்தையோ கூடப் போய் நில்லுங்கள். நீட் சென்டர் வாசலில் காத்து நிற்கிறார்கள்தானே.

தூரம் போகப் போக எல்லாம் சிறுத்துக்கொண்டே போய் ஒரு புள்ளியில் சேர்வது போலத் தெரிவதைக் காகிதத்தில் கொண்டுவருவதற்குப் புத்தகத்தில் படம் போட்டு விளக்குவார்கள். நமக்குப் புத்தகமே தேவையில்லை. பாம்பன் சாலைப் பாலத்தின் ஓரம் நின்றால் விளக்குக் கம்பங்கள் சொல்லிவிடும். ராமேசுவரம் கோயில் மூன்றாம் பிராகாரம் இன்னும் நல்லது. 1212 தூண்கள் என்று சொல்வார்கள். பிள்ளையை ஒரு மூலையில் நிற்க வைத்து ஐந்து நிமிஷம் சும்மா பார்க்கச் சொல்லுங்கள். தரைக்கோடு மேலே ஏறுகிறது, கூரைக்கோடு கீழே இறங்குகிறது, இரண்டும் தன் கண் உயரத்தில்தான் சந்திக்கின்றன என்று அதுவே கண்டுபிடிக்கும். வெளியே வந்து உட்கார்ந்து நினைவிலிருந்து வரையட்டும். எதிரே வைத்து வரைவதை விட இதில்தான் கை முதிரும்.

ராமநாதபுரம் அரண்மனைக்குள் இருக்கும் இராமலிங்க விலாசத்துக்கு ஒரு தடவையாவது கூட்டிப் போங்கள். பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரத்தில், 18-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்துச் சுவரோவியங்கள் இருக்கின்றன. தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், ஐரோப்பியர் வந்து சேதுபதியைச் சந்திப்பது, இராமாயணம், பாகவதம். கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க நூறு தடவை போனவர்கள் கூட அதைப் பார்த்ததில்லை என்கிறார்கள். எனக்கு அது மனசுக்கு வருத்தமான விஷயம். அங்கே போனால் ஒரே ஒரு சுவரின் முன் நில்லுங்கள். அந்த ஓவியர்கள் நிழல் போடவில்லை. கோடும் நிறமும் மட்டும். ராஜாவை மற்றவர்களைவிடப் பெரிதாகக் காட்டியிருப்பதைப் பிள்ளை கவனிக்கிறதா என்று பாருங்கள். சுவரில் கை வைக்க விடாதீர்கள்.

வீட்டில் பேசுவது

இதுதான் கஷ்டமான இடம். அப்பாவிடம், பெரியப்பாவிடம், துபாயிலிருந்து பணம் அனுப்புகிற மாமாவிடம் பேச வேண்டும்.

சொல்லை முதலில் சரி பண்ணுங்கள். "ஆர்ட்ஸ் காலேஜ்" என்றால் எங்கள் ஊரில் மார்க் குறைந்தவர்கள் போகும் இடம் என்று அர்த்தம் ஆகிவிட்டது. "டிராயிங் படிக்கப் போறா" என்று சொன்னால் கோடை விடுமுறை வகுப்பு என்று நினைப்பார்கள். "அரசு கவின் கலைக் கல்லூரி, பி.எஃப்.ஏ., நாலு வருஷப் பட்டம், நுழைவுத் தேர்வு இருக்கு" என்று முழுசாகச் சொல்லுங்கள். பி.இ.யும் நாலு வருஷம்தான் என்பது கேட்கிறவருக்குத் தானாகத் தோன்றும்.

கீழக்கரையில் ஒரு மாணவியின் வாப்பாவிடம் போனில் பேசினேன். "படம் வரைஞ்சா சோறு கிடைக்குமா டீச்சர்?" என்றார். அந்தக் கேள்வி நியாயமானது. கடல் கடந்து உழைக்கிறவர், மகள் கஷ்டப்படக் கூடாது என்று கேட்கிறார். கலை தெய்வீகம் என்று பதில் சொல்லக் கூடாது. நான் சொன்னது இதுதான்: திருப்பூரில் துணிக்கு டிசைன் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். விளம்பரம், பத்திரிகை, அனிமேஷன், சினிமாவில் கலை இயக்கம், பாடப்புத்தகப் படங்கள், செயலிகளின் திரை வடிவமைப்பு, பீங்கான் தொழில், இவ்வளவும் வரையத் தெரிந்தவர்களின் வேலை. அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர் பணி எப்போதாவதுதான் வரும், அதை மட்டும் நம்பி அனுப்பாதீர்கள் என்றும் சொன்னேன். முதல் இரண்டு வருஷம் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், இன்ஜினீயரிங் முடித்த உங்கள் தெருப் பையன்களுக்கும் அப்படித்தானே இருந்தது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். நாலு மாதம் கழித்து உம்மாவிடம் சரி என்றார். அவ்வளவு நேரம் எடுக்கும். எடுக்கட்டும்.

ஐஐடி என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் தனி மரியாதை. சில ஐஐடிகளில் பி.டெஸ். என்ற வடிவமைப்புப் பட்டம் இருக்கிறது, அதற்கு யூசீட் என்ற தேர்வை ஐஐடி பம்பாய் நடத்துகிறது, பிளஸ் டூவில் எந்த குரூப் படித்தவரும் எழுதலாம், அதில் கையால் வரைகிற பகுதியும் உண்டு. இதைச் சொன்னால் பெரியப்பா நிமிர்ந்து உட்காருவார். அதன் தேர்வு ஜனவரியில் வந்துவிடும், விண்ணப்பம் அதற்கும் சில மாதம் முன்னால். பள்ளியில் யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள். இந்தியாவின் தேசிய வடிவமைப்பு நிறுவனமும், ஆடை வடிவமைப்புக்கான நிஃப்டும் நடத்தும் தேர்வுகளின் முதல் கட்டமும் பிளஸ் டூ பரீட்சைக்கு முந்தியே நடக்கும். கட்டணம் அரசுக் கல்லூரியை விடப் பல மடங்கு, அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

யாராவது கலாம் அய்யாவைப் பார், ராமேசுவரத்தில் பிறந்து விஞ்ஞானி ஆகவில்லையா என்பார்கள். நானும் அவரை வணங்குகிறவள்தான். பேய்க்கரும்பில் அவர் நினைவிடத்துக்குக் கூட்டிப் போய் வீணையோடு அவர் உட்கார்ந்திருக்கும் சிலையைக் காட்டுங்கள். ராக்கெட் வேலைக்கு நடுவிலும் வீணை வாசித்த மனுஷர். இன்னொன்றும் சொல்லலாம். சென்னைக் கவின் கலைக் கல்லூரியை 1850-இல் ஆரம்பித்தவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர், அறுவை மருத்துவர். ஒரு டாக்டருக்கு அது வேண்டாத படிப்பாகத் தெரியவில்லை.

எந்தக் கல்லூரி, எப்படி விண்ணப்பிப்பது

பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுத்தாலும் கவின் கலைக்கு வழி மூடாது. வீட்டில் சயின்ஸ் குரூப்தான் என்று பிடிவாதமாக இருந்தால் அதிலேயே சேர்ந்துகொண்டு வரையட்டும், அதற்காகச் சண்டை வேண்டாம்.

எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து பக்கத்தில் இருக்கிறது சென்னைக் கல்லூரி. மெரினாவில் இருக்கும் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அங்கே முதல்வராக இருந்தவர். ஓவியம், சிற்பம், விஸ்காம் என்கிற காட்சித் தொடர்பு வடிவமைப்பு, துணி வடிவமைப்பு, பீங்கான், அச்சோவியம் என்று பிரிவுகள். நான் படித்த கும்பகோணத்தில் ஓவியம், சிற்பம், விஸ்காம். மாமல்லபுரத்தில் மரபுச் சிற்பத்துக்கும் கோயில் கட்டடக்கலைக்கும் 1957-இல் தொடங்கிய தனி அரசுக் கல்லூரி இருக்கிறது. ராமேசுவரத்திலிருந்து வரும் போட் மெயில் ரயில் கும்பகோணம் வழியாகவே சென்னைக்குப் போகிறது என்பதால் நம் பிள்ளைகளுக்கு கும்பகோணம் வசதி.

விண்ணப்ப அறிவிப்பு பிளஸ் டூ முடிவை ஒட்டி வரும். நாளிதழைத் தினமும் பாருங்கள், இன்டர்நெட் சென்டர் அண்ணனிடமும் சொல்லி வையுங்கள். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். தேர்வு செய்முறைதான். எதிரே வைத்ததைப் பார்த்து வரைவது, கொடுத்த தலைப்பில் ஒரு காட்சியை அமைப்பது, இந்த இரண்டிலும் கை பழகியிருக்க வேண்டும். 'மீன் சந்தை' என்று தலைப்பு வந்தால் மற்ற ஊர்ப் பிள்ளைகள் யோசித்துக்கொண்டிருப்பார்கள். ஏலக்கூடத்தில் இருபது இருபதாக உருவம் வரைந்த நம் பிள்ளை யோசிக்காது.

பெரிய ஊர்களில் அனிமேஷன் கோர்ஸ் என்று லட்சக்கணக்கில் வாங்கும் இடங்கள் உண்டு. என் மாணவன் ஒருவனுடைய அப்பா அப்படி ஒரு மையத்தில் படகுக்காகச் சேர்த்த பணத்தைக் கட்டினார். ஆறு மாதத்தில் பாடம் நின்றது, கையில் கிடைத்தது ஒரு அட்டைச் சான்றிதழ். எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம் என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பணம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகிற வீடுகளில் அந்த 61 நாளும் கையில் காசு இருக்காது. கல்லூரி விண்ணப்பம், தேர்வுக்கான ரயில், சேர்க்கைக் கட்டணம் எல்லாம் சரியாக அதே சமயத்தில்தான் வந்து விழும். நல்ல பிள்ளைகள் இரண்டு பேர் என் கண் முன்னால் இதில்தான் தடுக்கி விழுந்தார்கள். தேர்வில் இல்லை, ரயில் கட்டணத்தில். அதனால் தை மாதத்திலிருந்தே சங்கத்திலோ சீட்டிலோ தனியாக எடுத்து வையுங்கள். அரசுக் கல்லூரிக் கட்டணம் குறைவுதான், விடுதியும் பொருள்களும்தான் செலவு.

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பையனுக்கு 2024-இலிருந்து தமிழ்ப்புதல்வன். டாக்டர், இன்ஜினீயர் படிப்புக்கு மட்டும் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. ஆதாரோடு வங்கிக் கணக்கு இணைந்திருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

தேர்வுக்குப் போகும் நாள்: பிளேடால் சீவிய பென்சில் ஆறு, ரப்பர் இரண்டு, கரி என்றால் துடைக்கத் துணி. படங்களை இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டுங்கள். ரெக்கார்டு நோட்டு வரைந்த பையனின் அம்மா வலையை மூடி வைக்கிற நீலத் தார்ப்பாயில் ஒரு துண்டு வெட்டி, அட்டையின் அளவுக்குப் பை தைத்துக் கொடுத்தார், தோளில் மாட்ட வலைக்கயிறு. அன்று தஞ்சாவூர் பக்கம் நல்ல மழை. கும்பகோணத்தில் இறங்கி நனைந்துகொண்டே நடந்திருக்கிறான். ஒரு தாள் கூட நனையவில்லை. இப்போது மூன்றாம் வருஷம் சிற்பம் படிக்கிறான், அந்தப் பையைத்தான் இன்னும் தோளில் போட்டுக்கொண்டு வருகிறான்.